துடைக்கக் கூடாத கண்ணாடி

மொட்டை மாடிப் படியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தங்கை மின்சார வரைபடத்தின் இரண்டு கோடுகளைக் காட்டியபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. மாடியில் இரண்டு சூரியத் தகடுகள். ஒன்றின் கண்ணாடியில் அவள் தயாரித்த பூச்சு. அதில் தூசி ஒட்டாது என்பது அவள் கட்சி. மற்றது சாதாரணத் தகடு. மழையில்லாத மூன்று மாதம் இரண்டையும் யாரும் தொடாமல் விட்டு, எது அதிக மின்சாரம் தருகிறது என்று பார்க்க வேண்டும். சாதாரணத் தகட்டின் கோடு நோஞ்சானாகச் சரிந்துகொண்டே போனது. அவளுடையது ராஜா மாதிரி மேலேயே நின்றது.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஆராய்ச்சி. நான் மருத்துவர், சிறு ஊர் மருத்துவமனைகளில் கரன்ட் போகும்போது தடுப்பூசி மருந்து எவ்வளவு கெடுகிறது என்று பார்ப்பவள். தங்கைக்குச் சூரியத் தகடு. அண்ணனுக்கு வணிக உத்தி. பால் வாங்கிவரச் சொன்னால்கூட முதலில் திட்டம் போடுவான், பால் மட்டும் வராது. மூவரும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து, மருந்துக் குளிர்பெட்டிகளை அவளுடைய பூச்சுத் தகடுகளின் மின்சாரத்தில் ஓட்டும் திட்டம் ஒன்றை எழுதியிருந்தோம். அன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். நிதி கிடைக்காவிட்டால் தங்கையின் வேலை அந்த மாதத்தோடு சரி.

"இந்தக் கோடு ஒண்ணு போதும். கண்ண மூடிக்கிட்டுக் குடுத்துடுவாங்க," என்றான் அண்ணன்.

"நடுவுல என்னடி இந்தப் பள்ளம்?" என்று கேட்டேன். அவள் கோடு ஓரிடத்தில் மட்டும் இறங்கி, சில நாளில் சட்டென்று பழைய உயரத்துக்கு ஏறியிருந்தது.

"அதுதான்க்கா புரியல. மண்டைய ஒடச்சுக்கிட்டிருக்கேன். மேகமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

தேதிகளைப் பார்த்தேன். அந்த நாட்களை நான் மறப்பேனா? அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கவே மாட்டேன் என்று படுத்தியபோது, லீவு போட்டுவிட்டு அவர் தலைமாட்டிலேயே கிடந்தேன்.

அப்பா ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். முன்கண்ணாடியைத் துடைக்காமல் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. கீழே இறங்கிப்போய்க் கேட்டேன்.

"அப்பா, மாடியில இருக்கற கண்ணாடிய நீங்க தொடச்சீங்களா?"

"தெனமும் தொடைக்கிறேனே! காய்ச்சல்ல கெடந்தப்பதான் முடியல." அப்படியொரு பெருமை முகத்தில். "பாப்பாவோடத மட்டுந்தான். பக்கத்துல இருக்கறத நான் ஏன் தொடைக்கணும்? எதிராளிக்கு எவனாவது வேல செய்வானா?"

என் பின்னால் வந்த தங்கை சுவரில் சாய்ந்துவிட்டாள். "யாரும் தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருந்தேனேப்பா."

"அது வெளியாளுங்களுக்குத்தானம்மா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தோம். அண்ணன்தான் முதலில் தெளிந்தான். எங்கள் இருவரையும் மாடிப் படிக்கு இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"பள்ளத்த மட்டும் எடுத்துட்டு அனுப்பிடுவோம். பூச்சு நல்ல பூச்சாத்தான் இருக்கும். உன் வேலைய நெனச்சுப் பாரு, தாயி."

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்காகத் தலையை அடகு வைக்கக்கூடிய ஆள் அவன். உள்ளதைச் சொன்னால், நானும் தலையாட்டத் தயாராகத்தான் நின்றேன். தங்கை என்னைப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பெட்டியில பச்சக் குழந்தைங்களுக்குப் போடுற மருந்து இருக்கும்ணா. அங்க போய்த் தொடைக்க நம்ம அப்பா இருக்க மாட்டாரு."

திட்டத்திலிருந்து அந்தக் கோடு முழுவதையுமே நீக்கினாள். சோதனை கெட்டுவிட்டது, திரும்பச் செய்ய மூன்று மாதம் வேண்டும் என்று எழுதி அனுப்பினாள். அண்ணன் போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தான். அப்பாவுக்கு விஷயம் மெல்லத்தான் புரிந்தது. "நான் கெடுத்துட்டேனாம்மா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை இரண்டு கண்ணாடிகளையும் ஒரே மாதிரி கழுவி மறுபடி ஆரம்பித்தோம். பதில் ஏதும் வந்திருக்கவில்லை. இனிமேல் தொட மாட்டேன் என்று அப்பா எங்கள் மூவர் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்தார். நாங்கள் இறங்கத் திரும்பும்போது ஒரு புறா வந்தது. இரண்டு தகடுகளையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, தங்கையுடையதில் உட்கார்ந்து, வேலையை முடித்துக்கொண்டு பறந்தது.

அப்பாவின் கை தோள் துண்டுக்குப் போய்விட்டது. மகளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் அது மெதுவாக வழிந்து இறங்குவதைப் பார்த்தபடி நின்றார்.