வாயுவுக்கு ஒப்பரேசன்

பெண் நோயியல் கிளினிக்கில் அன்று இருந்தவர்கள் நால்வர்: டொக்டர் யசிந்தா, சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்க வந்த கேதீஸ்வரி, அவளுடைய தமையனார் பரமலிங்கம், அவர் மனைவி இரத்தினம்மா. கேதீஸ்வரி கலியாணம் கட்டாதவள். கருப்பையில் வளர்ந்த நார்க்கட்டியால் வயிறு நன்றாகவே முன்னுக்கு வந்திருந்தது. நெல்லியடிச் சந்தையில் அதற்கு வேறு காரணம் சொல்லுகிறார்கள் என்பது பரமலிங்கத்தாரின் காதுக்கும் எட்டியிருந்தது. ஆகவே கருப்பை என்ற சொல்லே எழுத்தில் வரக்கூடாது என்று அவர் முடிவெடுத்திருந்தார்.

“வயிற்று வீக்கம் எண்டு எழுதினால் காணும், டொக்டர்.”

“ஐயா, ஆஸ்பத்திரிப் பதிவிலை நோய்க்குக் குறியீடு போடுறவருக்கு நான் எழுதுறது மட்டுந்தான் தெரியும். வீக்கம் எண்டால் அவர் வாயுத்தொல்லையோடை சேர்த்துப் போடுவார். பிறகு உதுக்கேன் ஒப்பரேசன் எண்டு கேள்வி வரும், நாளும் தள்ளிப்போகும்.”

கேதீஸ்வரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “விடுங்கோ டொக்டர். வாயுவுக்கு வயிறு வெட்டின முதல் குடும்பம் எங்கடை எண்டு அண்ணை கோயில் கூட்டத்திலை சொல்லலாம்.”

“ஓம், இவர் கேக்கிற கோயில் தலைவர் பதவிக்கும் உதவும்,” என்றாள் இரத்தினம்மா.

பரமலிங்கத்தார் கதிரையில் இன்னும் நிமிர்ந்தார். அவருடைய பரம்பரையில் எவ்வளவோ இருந்தது, வாயு இருந்ததில்லை.

“கருப்பை நார்க்கட்டி எண்டே எழுதுங்கோ. எந்த இடத்திலை, எவ்வளவு பெரிசு, ஒண்டையும் விடாதையுங்கோ. கேக்கிறவைக்கு நானே சொல்லுறன்.”

“சொல்லுங்கோ அண்ணை,” என்றாள் கேதீஸ்வரி. “எனக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு.”

பின்னேரமே அவர் சந்தைக்குப் போய்ச் சொன்னார்: “என்ரை தங்கச்சி பிள்ளைத்தாச்சி இல்லை. அது நார்க்கட்டி.”