செட்டில் பிழையில்லை

போன வருச அந்தோனியார் கோயில் பெருநாளில் சுவாமியார் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது அம்புறோசின் ஒலிபெருக்கி செட் கூவிவிட்டது. பாதிச் சனம் அதையும் பிரசங்கத்தோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டது. கோயில் மூப்பர் பஸ்ரியாம்பிள்ளை சேர்க்கவில்லை.

"அம்புறோஸ், இன்னொருக்கா கூவிச்செண்டால் இந்தக் கோயிலுக்குக் காரைநகர்க் கதிர்காமுவின்ர செட்டுத்தான். அந்தோனியாரே வந்து கேட்டாலும் மாத்தமாட்டன்."

அம்புறோசுக்கு வேறு தொழில் ஏலாது. கடலுக்குப் போனால் சத்தி எடுப்பான். ஆகவே இந்த வருசம் ஸ்பீக்கர் குழாய்களைப் பனையில் ஏற்றி, மேடைக்கு முதுகு காட்டிக் கட்டினான். மைக்கும் ஸ்பீக்கரும் முகத்துக்கு முகம் பார்த்தால் செட் கூவும். அவன் படித்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

கச்சேரிக்கு வந்தவன் றெஜினோல்ட். எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்த பெடியன். உடுபிடவையை விட்டுவிட்டு ஒரு கிற்றாரையும் ஓர் இரும்புப் பெட்டியையும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவன். அப்படிப்பட்டவனை யார் நம்புவது?

"தம்பி, உதென்ன காலடியில?"

"சத்தத்தை உடைக்கிற பெட்டி அண்ணை. மிதிச்சால் கிற்றார் கரகரக்கும்."

"நல்லாயிருக்கிற சத்தத்தை ஏன் உடைக்கிறீர்?"

"உலகம் முழுக்க இப்ப அப்பிடித்தான் அண்ணை."

"உலகம் முழுக்க மூப்பர் பஸ்ரியாம்பிள்ளை இல்லைத்தானே."

பொழுதுபட்டதும் தொடங்கிய முதல் பாட்டு ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது பாட்டுத் தொடங்கும்போதுதான் அம்புறோஸ் முன்வரிசையைப் பார்த்தான். வள்ளத்தில் வந்து இறங்கிய கதிர்காமு, வெள்ளை வேட்டியோடு இருந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். இவனுக்கு அந்தோனியாரில் எப்போது பக்தி வந்தது?

றெஜினோல்ட் பெட்டியை மிதித்தான். ஓட்டை விழுந்த தகரப் பீப்பாவைத் தார் றோட்டில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். அம்புறோஸ் ஓடிப்போய் அம்பிளிபயரைக் குறைத்தான். பெடியன் கிற்றாரில் கூட்டினான். இவன் குறைக்க, அவன் கூட்ட, ஜெனரேற்றரே முழிசிற்று. பிறகு பெடியன், வாசிக்கிறவர்களுக்குக் கேட்கவென்று மேடையில் வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரே கிற்றாரைக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். செட் கூவியது. அதே கூவல். போன வருசம் நரகத்தில் கேட்டது.

"அம்புறோசின்ர செட் துவங்கீட்டுது," என்றாள் சனத்துக்குள் நின்ற மாக்கிறேற், ஐஸ்பழக்காரனிடம். கதிர்காமு கச்சான் கோதை ஊதிவிட்டுச் சிரித்தான். மூப்பர் எழும்பினார்.

அம்புறோசுக்கு எல்லாம் வெளித்துவிட்டது. இந்தப் பெடியனைக் கதிர்காமுதான் அனுப்பியிருக்கிறான். இல்லையென்றால் புத்தியுள்ள எவனாவது வேண்டுமென்றே செட்டைக் கூவவைப்பானா?

மேடையில் ஏறினான். "நிப்பாட்டும்."

"அண்ணை, இதுதான் பாட்டின்ர உயிர்."

"உயிரை நான் எடுக்கிறன். பெட்டியைத் தாரும்."

கிற்றார் வயரைப் பிடுங்கிவிட்டுத் தன் மைக் வயரை அந்தப் பெட்டியில் குத்தினான்.

"சனங்களே, இப்ப கதைக்கிறது அம்புறோஸ்." கண்ணாடி மாதிரிக் கேட்டது. பெட்டியை மிதித்தான். "இப்பவும் அம்புறோஸ்தான்." பசாசு பாதாளத்திலிருந்து கதைத்தது. இரண்டு கிழவிகள் சிலுவை போட்டார்கள். "கேட்டியளோ? செட்டில பிழையில்லை. பிழை பெட்டியில."

"இன்னொருக்கா அண்ணை," என்று பின்னாலிருந்து கேட்டார்கள். இன்னும் நாலைந்து தரம் மிதிக்க வேண்டியதாயிற்று. மூப்பர் திரும்பவும் கதிரையில் இருந்தார்.

"அண்ணை, நான் வாசிக்கிறதோ இல்லையோ?" என்றான் றெஜினோல்ட்.

"வாசியும். ஆனா மிதிக்க முதல் எனக்குக் கண் காட்டும். நான் சனத்துக்குச் சொல்லோணும்."

அதன்பிறகு ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் கிற்றார் ஓர் இமைப்பொழுது நிற்க, குழாயில் அம்புறோசின் குரல் வந்தது: "இனி வரப்போறது தம்பியின்ர சத்தம். செட்டுக்குச் சம்பந்தமில்லை." சனம் பாட்டுக்குத் தட்டியதைவிட இதற்குத்தான் கூடத் தட்டியது. தட்டத் தட்ட அம்புறோசுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியில் தம்பியைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தையும் சொன்னான். சொல்லிவிட்டு, கைதட்டலுக்குக் கும்பிட வேண்டியிருந்ததால், மைக்கைக் கிட்ட இருந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தான்.

செட் கூவியது.

மைக்கைப் பாய்ந்து தூக்கினான். "இதுவும் தம்பியின்ரதான்," என்றான்.

சனம் தம்பியைப் பார்த்தது. மூப்பரும் பார்த்தார். தம்பியின் கிற்றார் வயர் கழற்றிக் கதிரையில் கிடந்தது. தம்பி மேடை ஓரத்தில் நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

றெஜினோல்ட் அம்புறோசின் முகத்தைப் பார்த்தான். பிறகு சோடாப் போத்தலைக் கீழே வைக்காமலே நடந்துவந்து, ஒரு வயரும் குத்தாத அந்தப் பெட்டியின் மேல் காலை வைத்தான்.

"ஓம், என்ரதான்," என்றான்.

மூப்பர் சரியென்று தலையை ஆட்டினார். கதிர்காமு கடைசி வள்ளத்துக்கு எழும்பினான்.