ஹேஃபெலே பேசும் ஜெர்மன்

பாலகுமாருக்கு ஜெர்மன் இலக்கணம் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஹேஃபெலே திரையில் வந்து பேச ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவன் பாலகுமார்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பேன்.

ஹேஃபெலே எங்கள் கம்பெனியின் தலைமைத் தொழிற்சாலையில் அசெம்பிளி பிரிவைப் பார்த்துக்கொள்பவர். வயது அறுபதை ஒட்டி. தெற்கு ஜெர்மனியில் உல்ம் பக்கம் ஒரு சின்ன ஊர். அந்தப் பக்கத்துப் பேச்சுக்கு ஷ்வேபிஷ் என்று பெயர். வகுப்பில் நாங்கள் படித்தது அது இல்லை. அவர் வாயில் ‘இஸ்ட்’ என்பது ‘இஷ்’ ஆகிவிடும். சொற்களுக்கு வால் இருக்காது. வகுப்பில் ‘தூக்கு’ என்று படித்த வினைச்சொல்லை அவர் ஊரில் ‘பிடித்துக்கொள்’ என்பதற்கு வைத்திருக்கிறார்கள். போன வருடம் அவர் சொன்னதைக் கேட்டு, இயந்திரத்தின் மூடியைத் தூக்கும்படி ஆட்களிடம் சொன்னேன். “தூக்க வேணாம் சார், புடிச்சிக்கத்தான் சொல்றாரு” என்றான் பாலகுமார். மூடி தப்பியது.

வெள்ளிக்கிழமை காலையில் ஹேஃபெலே முந்தின நாள் பேசியதை எழுதி அனுப்புவார். எழுத்தில் அவர் எல்லோரையும் போலத்தான். அதைப் படித்துத்தான் எனக்கு வியாழக்கிழமை புரியும். இது யாருக்கும் தெரியாது.

எங்கள் யூனிட் ஓசூரைத் தாண்டி, பொம்மசந்திராவில். பேக்கிங் இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்கிறோம். நான் இன்ஜினியர். பாலகுமார் சர்வீஸ் டெக்னீஷியன், ஐ.டி.ஐ. ஜெர்மனில் ஆறு படிகளில் இரண்டாவதான ஏ டூ வரை படித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அப்புறம் ஹேஃபெலேயின் பக்கத்திலிருந்து வந்த இரண்டு ஃபிட்டர்களோடு நான்கு மாதம் வேலை பார்த்தான், சாப்பிட்டான், அவர்களைச் சிக்பேட்டைக்குக் கூட்டிப்போய்ச் சட்டை வாங்கிக் கொடுத்தான். அவன் படிப்பு அவ்வளவுதான்.

ஜனவரியில் எங்களில் ஒருவரை இரண்டு வருடத்துக்குத் தலைமைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதாக இருந்தது. ஒரே இடம். எனக்கு அது வேண்டும்.

என் மனைவி கிருத்திகா இறந்து பதினாறு மாதம் ஆகிறது. டெங்கு. ஆறு நாள். சந்தாபுராவில் அதே வீட்டில்தான் இருக்கிறேன். சனி ஞாயிறு போக ஓர் இடம் வேண்டியிருந்ததால் விட்டுப்போன ஜெர்மன் வகுப்பில் மறுபடி சேர்ந்தேன். ஐந்தாம் படியான சி ஒன் முடித்தேன். எண்பத்தேழு மார்க். வேறு ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரியாது. இங்கே என்ன ஆகிறது என்று தெரியும்.

போட்டிக்கு இருந்தது பாலகுமார் ஒருவன்தான்.

அவன்மேல் எனக்கு இருந்தது ஜெர்மனால் மட்டும் வந்ததில்லை. கிருத்திகா ஸ்ரீராம்புரத்துப் பெண்; தமிழோடு கன்னடமும் உருதும் புழங்கும் பேட்டை. அவனும் ஸ்ரீராம்புரம். நான் திருச்சி, அப்பா தமிழாசிரியர். கல்யாணமான புதிதில் அவள் ‘குந்துங்க’ என்றால் ‘உட்காருங்க’ என்பேன். ‘நாஷ்டா’ என்றால் ‘காலை உணவு’ என்பேன். விளையாட்டாகத்தான். அவளும் சிரித்தாள். மூன்று மாதத்தில் சரியாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். குறைவாகவும்.

கம்பெனியின் குடும்ப விழாவில் அவளைப் பாலகுமாருக்கு அறிமுகம் செய்தேன். எந்த கிராஸ், எந்தக் குறுக்குத் தெரு என்று கேட்டான். அவள் சொன்னாள். அடுத்த பத்து நிமிஷம் இருவரும் பேசியதில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. தமிழ்தான். நடுவில் கன்னடம், உருது, ஏதோ ஒரு கறிக்கடைக்காரரின் பட்டப்பெயர். அவள் நாற்காலியின் கையைத் தட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவள் ‘விழா நன்றாக இருந்தது’ என்றாள்.

அவர்களுக்குள் வேறு எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியும். இருந்திருந்தால் அதற்கு ஒரு பெயராவது இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் நான்காவது நாள் அவன் வந்தான். நான் எது கேட்டாலும் அவள் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த நாள் அது. அவனிடம் பத்து நிமிஷம் பேசினாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். என்ன பேசினாள் என்று அவனிடம் நான் கேட்கவில்லை.

அக்டோபரில் மௌரீன் மேடம் கூப்பிட்டார். எங்கள் ஹெச்.ஆர். மேலாளர், இந்த ஊரிலேயே குக் டவுன் என்ற பகுதிக்காரர். பாலகுமாரின் ஜெர்மனைச் சோதித்து ஒரு படிவத்தை நிரப்பித் தரும்படி கேட்டார். கம்பெனியில் சி ஒன் வைத்திருப்பவன் நான் ஒருவன்தானாம். நானும் போக விரும்புவதால் அது சரியாக இருக்காது என்று சொல்லியிருக்கலாம். சரி மேடம் என்றேன்.

படிவத்தில் நான்கு கட்டம். படித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல். முதல் மூன்றில் நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வேற்றுமை தெரியாது, வினைச்சொல்லை நினைத்த இடத்தில் வைக்கிறான் என்று எழுதினேன். எல்லாம் உண்மை.

கேட்டலுக்கு ஒலிப்பதிவு வேண்டும். என் லேப்டாப்பில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, வியாழக்கிழமை அழைப்புகள். மற்றது, தேர்வுக்காக நான் வாங்கிய பதிவுகள், வானொலியில் செய்தி வாசிப்பவரின் சுத்தமான குரலில். நகரங்களில் வீட்டு வாடகை பற்றி ஒருவர் பேசும் பதிவைத் தேர்ந்தெடுத்தேன். முப்பது கேள்வி. பாலகுமார் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். பதினொன்று சரி.

“யார் சார் இவன், மூஞ்சியே இல்லாத பேசறான்” என்றான், ஹெட்போனைக் கழற்றிவிட்டு.

படிவத்தில் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு பொய்கூட இல்லை.

பத்து நாளில் இடம் எனக்கு என்று கடிதம் வந்தது. பாலகுமார் கேண்டீனில் எல்லோருக்கும் முன்னால் கை கொடுத்தான். விசாவுக்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னான். அதோடு நின்றிருந்தால் எனக்கு எதுவும் ஆகியிருக்காது. ஹேஃபெலேயோடு அங்கே தினமும் உட்கார வேண்டியிருக்குமே, கொஞ்சம் பழக்கிக்கொள்ளலாமா சார், மத்தியானத்தில் அரை மணி நேரம் போதும் என்றான். அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பது இவ்வளவு நாளும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய அழைப்புகளைக் கேட்டோம். அவன் ஓர் இடத்தில் நிறுத்தி, இப்ப என்ன சொன்னாரு என்பான். நான் சொற்களைத் தேடுவேன். அவன் காத்திருப்பான். தப்பாகச் சொன்னால் திருத்த மாட்டான், மறுபடி ஓடவிடுவான். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது நாள் கேட்டேன். ஹேஃபெலேயைப் பற்றி இல்லை.

“ஆஸ்பத்திரில கிருத்திகா உங்கிட்ட என்ன பேசினா?”

அவன் டப்பாவை மூடினான். பெரிசா ஒண்ணும் இல்ல சார் என்றான். கறிக்கடைக்காரர் செத்துப்போனாரா என்று கேட்டாளாம். பக்கத்துப் படுக்கைக் கிழவி ராத்திரியில் திட்டுகிற மாதிரி நடித்துக் காட்டினாளாம். வாய் உலர்ந்துபோகிறது என்றாளாம்.

“என்னைப் பத்தி?”

“அதெல்லாம் எதுக்கு சார்.”

“சொல்லு.”

“நல்ல மாதிரிதான் சொல்லும். ஒருக்கா மட்டும் சொல்லிச்சு. ஊட்ல பேசறது பரீச்ச எழுதறாப்ல கீது அண்ணா, உடம்பு முடியாதப்ப எழுத முடியல, அதான் அவராண்ட தலைய ஆட்டிகினு இருக்கேன்னு.”

நான் சாப்பிட்டு முடித்தேன். கை கழுவினேன். அவன்மேல் இருந்தது குறையவில்லை. அதிகமானது. எனக்குக் கொடுக்காததை அவனிடம் கொடுத்துவைத்திருக்கிறாள். அவன் அதைப் பதினாறு மாதம் பத்திரமாக வைத்திருந்து, நான் கேட்டதும் எடுத்துத் தருகிறான்.

அன்று மாலை மௌரீன் மேடத்தின் அறைக்குப் போனேன். கேட்டல் சோதனைக்கு நான் வைத்த பதிவு தவறு என்றேன். அங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லை, ஹேஃபெலே பேசினால் எனக்கே பாதி புரியாது, அவனுக்கு முழுசும் புரியும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது உனக்கு இப்பதான் தெரியுமா, பரத்?”

“இல்ல மேடம்.”

“பின்னே ஏன் சைன் பண்ணினே?”

நல்லவனாகி வந்து நிற்கிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அவனிடமிருந்து இன்னொன்றையும் வாங்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. அவ்வளவுதான்.

மேடத்துக்குக் கோபம். மேலிடத்துக்கு ஒரு தடவை சொன்னதை மாற்ற ஆதாரம் வேண்டும் என்றார். வரும் வியாழக்கிழமை அழைப்பில் தானே வந்து உட்காருவதாகவும், நாங்கள் இருவரும் கேட்டதைத் தனித்தனியாக எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை ஹேஃபெலேயின் மெயிலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாகத் திட்டம்.

ஹேஃபெலே அன்று நாற்பது நிமிஷம் பேசினார். நான் ஆங்கிலத்தில் ஒன்பது வரி எழுதினேன். பாலகுமார் மூன்று பக்கம்.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. மேடம் அதை மொழிபெயர்த்து அச்செடுத்து வைத்திருந்தார். என் ஒன்பது வரியில் நான்கு அதில் இருந்தன. பிறகு பாலகுமாரின் தாள்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் தமிழ் எழுத்து. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாலகுமார் ஓசூரில் ஒரு பழுதுக்குப் போயிருந்தான்.

“நீயே படி. அப்படியே படி” என்று தாள்களை என்னிடம் நீட்டினார்.

அவன் எழுதியிருந்தது அவன் பேசுகிற மாதிரியே இருந்தது. அதைப் படிக்காமல், பொருளை மட்டும் என் தமிழில் சொல்லியிருக்கலாம். நான்கைந்து இடத்தை விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. மேடம் பேனாவைத் திறந்து மெயில்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“மூணாவது பெல்ட்டு லூசாகீது. இப்பவே டைட்டு வெக்காத. ரெண்டு நாளு ஓட்டிப் பாத்துட்டு அப்பால வெய்யி.”

என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. மேடம் மெயிலில் ஒரு வரிக்குப் பக்கத்தில் டிக் அடித்தார்.

“பர்ச்சேஸ் ஆளு ரொம்ப ராங்கு பண்றான். அவனாண்ட நீங்க வாய் குடுக்காதீங்கோ, நான் பாத்துக்கறேன்.”

டிக்.

“சென்சார் வர்றதுக்கு லேட்டாவும். அதுக்கோசரம் வேலைய நிறுத்திட்டுக் கைய கட்டிகினு நிக்காதீங்கோ.”

அவர் சிரித்துவிட்டார். ஹேஃபெலே அப்படித்தான் சொல்லியிருப்பார் என்றார். நான் படித்துக்கொண்டே போனேன். இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது நாக்கு தடுக்குவது நின்றிருந்தது. சொற்கள் தாமாகவே வந்தன. எங்கே ஏற வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருடம் ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

மூன்றாம் பக்கத்தில் பாதியில் மேடம் பேனாவை மூடினார். மெயிலில் இருப்பதெல்லாம் வந்துவிட்டது என்றார். ஜனவரிக்கு அவன் பெயரை அனுப்பிவிடுவதாகவும், என் படிவத்தைப் பற்றிப் பிறகு தனியாகப் பேச வேண்டும் என்றும் சொன்னார்.

“போதும், பரத்.”

தாளில் இன்னும் ஏழெட்டு வரி இருந்தது. ஹேஃபெலேக்குப் பேத்தி பிறந்ததைப் பற்றி. மெயிலில் அது இல்லை. அதையும் சத்தமாகப் படித்தேன்.