இருசப்பன் போட்ட கும்பிடு

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கோல்கீப்பர் இருசப்பனுக்கு ஒரு பக்கம் டவுன் கிளப், மறுபக்கம் கூடப்பிறந்த தங்கை உண்ணாமலை. அவளை வேங்கிக்காலில் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை தருமனுக்கு எவ்வளவு நிலம் என்றுதான் விசாரித்தார்கள். வேங்கிக்கால் கிளப்புக்கு அவன்தான் கேப்டன் என்பது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

வருடா வருடம் மலைமேல் தீபம் எரிகிற நாட்களில் இரண்டு கிளப்புக்கும் கேடயப் போட்டி. எழுபத்தாறில் சேற்றில் புரண்டு டவுன் ஜெயித்தது. தோற்ற கையோடு தருமன் உண்ணாமலையைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டான். பொங்கல் கழிந்துதான் அழைத்துப்போனான். அடுத்த வருடம் டவுன் தோற்றது. "தங்கச்சிக்காக உட்டுட்டான்டா" என்று டீக்கடை தோறும் பேச்சு. உண்மையில் பந்து கைக்கு எட்டவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

எழுபத்தெட்டில் போட்டிக்கு முதல்நாள், சந்தைக்கு வருகிற சாக்கில் உண்ணாமலை வந்தாள். வயிற்றில் பிள்ளை.

"அண்ணா, இந்த தபா உட்டுக்குடுத்துடு. இந்த வயித்தோட திருப்பி அனுப்பிட்டாருன்னா தாங்க மாட்டேன்."

அவள் போனதும் கிளப் செக்ரட்டரி தசரதன் வந்தார். "கோல் போச்சு, அப்புறம் இந்த ஊர்ல நீ தல நிமிந்து நடக்க முடியாது, இருசப்பா."

வேறு ஆளைப் போடுங்கள் என்று கேட்க வாயெடுத்தான். அதற்கும் விலைபோய்விட்டான் என்பார்கள். வாயை மூடிக்கொண்டான்.

போட்டியில் டவுன் ஒரு கோல் முன்னால். டிரா ஆனால் கேடயம் போன வருடம் ஜெயித்த வேங்கிக்காலுக்கே. முடியப்போகிற நேரத்தில் வேங்கிக்காலுக்குப் பெனால்டி கிடைத்தது. தருமன் பந்தை வைத்தான். அவன் முதுகுக்குப் பின்னால் மலை. விசில் ஊதியாயிற்று.

அந்த நேரம் பார்த்து உச்சியில் அன்றைய தீபம் ஏற்றினார்கள். "அண்ணாமலையாருக்கு அரோகரா!" கூட்டம் மொத்தமும் மலைப்பக்கம் திரும்பியது. ஓடிவந்துகொண்டிருந்த தருமன் மட்டும் திரும்பவில்லை.

இருசப்பனுக்குச் சட்டென்று வழி தெரிந்தது. தீபத்தைக் கண்டால் கும்பிடாத கை இந்த ஊரில் ஏது? கும்பிடுகிறவனைத் தாண்டிப் பந்து போனால் தசரதனே வாய் திறக்க முடியாது. இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தான், கண்ணை இறுக மூடினான். அப்பாடா என்று இருந்தது.

பந்து குவித்த கையில் மோதி, எகிறி, கம்பத்துக்கு மேலே போய்விட்டது.

கண்ணைத் திறப்பதற்குள் தோளில் தூக்கிவிட்டார்கள். "கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்துச்சுடா!" என்று தசரதன் அழுதார். "எறக்கி உடுங்கடா!" என்று இவன் கத்தினான். வெட்கப்படுகிறான் என்று இன்னும் உயரத் தூக்கினார்கள். அங்கிருந்து பார்க்க, தருமன் யாரிடமும் பேசாமல் சைக்கிளில் ஏறுவது நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் காலை உண்ணாமலை பையோடு வாசலில் நின்றாள்.

"நான் கண்ண மூடிக்கினுதாம்மா இருந்தேன். உனக்காகத்தான்."

அவள் அவன் கைகளையே பார்த்தாள்.

"ஊரே சொல்லுதுண்ணா, சாமியே உன் கையில வந்து நின்னுச்சாம்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.