கேட்டுவிட்டு ஊது

அருவிக்கரைப் படிமேல், வெள்ள எச்சரிக்கைப் பெட்டியோடு ஒயரில் இணைத்திருந்த எப்சிபாவின் லேப்டாப்பில் மூன்று சிவப்புக் கோடுகள் ஒரே நேரத்தில் எழும்பின.

மேலே காட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது. ஐந்தருவிக்கு வந்து சேர எட்டு நிமிடம். அருவிக்கடியில் முந்நூறு பேர். அதில் ஒருவன் அவள் தம்பி ஜெனோ.

சைரன் ஏன் ஊதவில்லை?

அவளுக்குத் தெரியும். காட்டில் இருக்கும் சென்சார்கள் சொல்வதை வைத்து, அருவிக்கரைப் பெட்டி தானே கணக்குப் போட்டு, யாரையும் கேட்காமல் ஊத வேண்டும். அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. போன வாரம் ஒரு சென்சாரில் குரங்குகள் தொங்கி, இரண்டு தடவை பொய்யாக ஊதிவிட்டது. சீசன் நேரம், கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். 'சென்னை சர்வரைக் கேட்டுவிட்டு ஊது' என்று பெட்டியை மாற்றி வைத்தவள் எப்சிபாதான்.

இன்று சர்வர் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் அருவியை வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. டவர் திணறியது.

அந்தக் கட்டளையை அழித்தாள். சைரன் அலறியது.

யாரும் நகரவில்லை.

"குரங்குப்பய வேலைலே! குளிங்க, குளிங்க!" யாரோ கத்த, ஒரே சிரிப்பு. ஜெனோ எண்ணெய்த் தலையோடு அவளைப் பார்த்துக் கையாட்டினான்.

ஆறு நிமிடம்.

படியில் பாய்ந்து இறங்கினாள். முதல் பழக்கடை நெல்லையப்பனுடையது. போன வாரம் அவளிடம் அதிகமாகக் கத்தியவர். அவருடைய ஒலிபெருக்கி 'மங்குஸ்தான், மங்குஸ்தான்' என்று தானாகக் கூவிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, மைக்கக் குடுங்க! வெள்ளம் வருது!"

"எம்மா, போன வாரமும் இப்படித்தான ஊதிச்சு? ஓடி விழுந்து முட்டி இன்னும் வீங்கிக் கெடக்கு."

"அன்னைக்கு ஒரு சென்சார். இன்னைக்கு மூணும் சொல்லுது. மூணு எடத்துலயும் ஒண்ணா குரங்கு தொங்குமா? அந்தா எண்ணெய்த் தலையோட என் தம்பி உள்ள நிக்கான், அண்ணாச்சி!"

நெல்லையப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். மங்குஸ்தான் நின்றது. அவரே மைக்கைப் பிடித்தார்.

"குரங்கு இல்ல, நெசமாவே வெள்ளம்! எல்லாரும் வெளிய வாங்க! ஏலே எண்ணெய்த் தல, ஒன்னத்தாம்லே! ஒங்க அக்கா இங்கன அழுவுதா!"

சீசனில் கடைக்காரரே கூட்டத்தை விரட்டுகிறார் என்றதும் சிரிப்பு நின்றது. முந்நூறு பேரும் முட்டி மோதி மேலே ஏறினார்கள்.

கடைசி ஆள் தடுப்புக் கம்பியைத் தாண்டினார். அருவி செம்மண் நிறமாயிற்று. ஜெனோ நின்ற இடத்தில் ஒரு முழு மரம் வந்து விழுந்தது.

ஜெனோ அக்காவின் கையை விடவில்லை.

ஓடிய கூட்டம் போன்களைப் பைக்குள் போட்டிருந்தது. டவர் மூச்சு விட்டது. எப்சிபாவின் போன் அதிர்ந்தது: சென்னை சர்வரின் பதில்.

நெல்லையப்பன் எட்டிப் பார்த்தார். "சென்னைக்காரன் என்னம்மா சொல்லுதான்?"

"ஊதலாமாம், அண்ணாச்சி."