பால்கனி இல்லாத கதவு

இரண்டாவது மாடித் திருப்பத்தில் தம்பிக்கு மூச்சு முட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷமாக பஸ் ஓட்டுகிறவன். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரைச் சுற்றிப் பழக்கம். படி ஏறச் சொன்னால் முழங்கால் இரண்டும் சண்டைக்கு வந்துவிடும். மேலே இன்னும் ஒரு மாடி இருந்தது. யார் வீட்டுக்குப் போகிறோம் என்பது அவனுக்கே தெரியாது. சட்டைப் பையில் அக்காவின் சின்னக் கேமரா இடித்தது.

எல்லாம் அக்காவின் வேலை. பல் செட்டு செய்யும் லேபில் இருந்தவள் அவள். வாரம் முழுக்க யார் யாருடைய கடைவாய்ப் பல்லையோ மெழுகில் செதுக்கிக்கொண்டிருப்பாள். விடுமுறை வந்தால் கேமராவை எடுத்துக்கொண்டு கால் போன போக்கில் கிளம்பிவிடுவாள். எடுப்பது எல்லாம் யாரும் எடுக்காத படங்கள். பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்ட சைக்கிள், மொட்டை மாடியில் தனியாகக் காயும் ஒரு போர்வை, போனில் பேசிக்கொண்டே நடுத்தெருவில் கண்ணைத் துடைக்கும் ஆள். அத்தானுக்குக் குழாய் ரிப்பேர் வேலை. "சுவத்துல என்ன இருக்குன்னு எடுக்கறே? உள்ள ஓடற பைப்பு தெரிஞ்சாலாவது பிரயோஜனம்" என்பார். அவள் அதையும் சிரித்துக்கொண்டே படம் எடுப்பாள், அவர் அப்படிச் சொல்லும் முகத்தை.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு அந்த வேலை தம்பியின் தலையில் விழுந்தது. லீவு நாளில் கேமராவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். அவன் எடுத்தால் கட்டடங்கள் எல்லாம் சாய்ந்து நிற்கும்.

"உன் கட்டைவிரலை இன்னும் எத்தனை தடவைடா பாக்கறது?" என்பாள். பிறகு கேமராத் திரையைப் பெரிதாக்கி மூக்கோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். "இந்தப் பச்சை வேனுக்குப் பின்னாடி ஒருத்தர் குனிஞ்சு நிக்கறாரே, என்ன தேடறார்?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"பக்கத்துலதானேடா நின்னே?"

அவனும் திரையில் குனிந்து அந்த வேனைப் பார்ப்பான். ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். ஆனாலும் போகப் போக, அவள் என்ன கேட்பாள் என்று யோசித்துக்கொண்டே நடக்கத் தொடங்கியிருந்தான். வேனுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படம் எடுத்தான்.

இந்தக் கதவு மட்டும் அவளை நெடுநாளாகப் படுத்திக்கொண்டிருந்தது. மார்க்கெட்டின் பின்தெருவில் ஒரு பழைய கட்டடம். மூன்றாவது மாடியின் வெளிச்சுவரில் முழு உயரத்துக்கு ஒரு கதவு. முன்னால் பால்கனி இல்லை, படி இல்லை. திறந்து ஓர் அடி வைத்தால் நேரே தெருதான். இடம் மாறி முளைத்த பல் மாதிரி இருக்கிறது என்பாள் அக்கா. அவன் ஓட்டும் பஸ்ஸில் உட்கார்ந்து அவள் அந்த வழியாகப் போகும்போது பார்த்தால் கதவு திறந்திருக்கும். கேமராவோடு போய் நின்றால் மூடியிருக்கும். வெயில், மழை, காலை, மாலை என்று அந்தக் கதவை அவள் எடுத்த படங்கள் ஏராளம். எல்லாவற்றிலும் மூடியே இருந்தது.

இன்று காலை தலையணையில் சாய்ந்தபடி, "போய்க் கேட்டுட்டே வந்துடேன்" என்றாள்.

"என்னன்னு கேக்கறது?"

"ஏன் திறக்கறீங்க, ஏன் மூடறீங்கன்னு."

"அடிக்க வந்தா?"

"அடிக்க வந்தா அதையும் ஒரு போட்டோ எடு."

அடுப்படியிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார். "லீவு போட்டுட்டு வந்திருக்கான். கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரட்டுமே." அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் முகம் தெளிவாக இருந்தது. கொடுத்தபோது பால்கூடக் கொஞ்சம் குடித்தாள். அதனால்தான் அவன் கிளம்பினான்.

மூன்றாவது மாடியில் தட்டியதும் திறந்தவளுக்கு மூக்கு நுனியில் கண்ணாடி; விரல்களில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. பின்னால் அறை முழுக்க சட்டைகள் குவியல் குவியலாகக் கிடந்தன. சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறவள், பொத்தான் துளைகளுக்கு ஓரம் தைக்கிறவள், என்று பார்த்ததுமே தெரிந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு சின்ன விஷயம் கேக்கணும். எங்கக்கா ஒருத்தங்க..." என்று தொடங்கியவன் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கேமராவை வெளியே எடுத்தான்.

காஜாக்காரியின் முகம் மாறியது. கேமராவின் நீல வாரையே பார்த்தாள். "இது அந்தம்மாவோடதுதானே? நீங்க கார்ப்பரேஷனா?"

"இல்லீங்க. பஸ் டிரைவர்."

அவள் சிறிது நேரம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள். "ஏங்க, எந்திரிங்க. கேமராக்காரம்மா வீட்லேர்ந்து ஆள் வந்திருக்கு."

சட்டைக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒருவர் தலை கலைந்து எழுந்து உட்கார்ந்தார். ராத்திரிக் காவல் வேலை பார்க்கிறவராம், பகலில்தான் தூக்கம். அவரும் கேமராவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "உக்காருங்க" என்றார், பயந்த குரலில்.

விஷயத்தைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆகவில்லை. கதவு ஏன் திறக்கிறது, ஏன் மூடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன், வேறொன்றும் இல்லை என்றதும், புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுக்கா இத்தனை வருஷமா வந்தாங்க?" என்றாள் காஜாக்காரி.

"ஆமாங்க."

"ரோட்டை அகலப்படுத்தறேன்னு பால்கனிய இடிச்சாங்க. கதவையும் செங்கல் வச்சு அடைச்சுடணும்னு சொல்லிட்டுப் போனாங்க. அடைச்சா இந்த ரூம்ல மனுஷன் இருக்க முடியுமா? வர்ற காத்து இது வழியா வந்தாத்தான் உண்டு. யாரும் கேக்கல, நாங்களும் விட்டுட்டோம். அப்புறம் பாத்தா, ஒரு அம்மா கேமராவோட கீழ வந்து நின்னு மேலயே பாக்கறாங்க. கையில இருந்த சட்டையை அப்படியே போட்டேன். ஓடிப்போய்ச் சாத்திட்டேன்."

"அளவெடுக்க வந்தவங்கன்னு நான் சொன்னேன்" என்றார் காவல்காரர். "இவ, இல்ல, கட்டடத்தை விலைக்குக் கேக்கற பார்ட்டின்னு சொன்னா. இதுக்காக எங்களுக்குள்ள பேச்சு வார்த்தையே இல்லாம இருந்திருக்கோம்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க மூடினீங்கன்னுதான் அவங்க திரும்பத் திரும்ப வந்தாங்க."

"அவங்க திரும்பத் திரும்ப வந்தாங்கன்னுதான் நாங்க மூடினோம்" என்றாள் அவள்.

எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. சட்டைக் கைகள் அசைந்தன, தரையில் கிடந்த நூல் துணுக்குகள் சுவரோரம் ஓடின. இடுப்பு உயரத்தில் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். தம்பி அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான்.

"அதோ, அந்த விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்துல. அங்கதான் நிப்பாங்க."

எதிர் நடைபாதையில் கம்பத்தருகே இப்போது யாரோ வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான். தம்பி கட்டைவிரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, நிதானமாக, கம்பமும் நடைபாதையும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தான்.

"கொஞ்ச நாளா அவங்களைக் காணோமே?" என்று கேட்டாள்.

"படுத்த படுக்கைங்க. எந்திரிக்க மாட்டாங்க."

அவள் போய்த் தேநீர் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் உட்கார்ந்து, ஆற்றி ஆற்றிக் குடித்தான். வீடு எந்தப் பக்கம் என்று காவல்காரர் கேட்டதற்கு, எந்த பஸ், எந்த ஸ்டாப் என்று பஸ் டிரைவருக்கே உரிய விவரத்தோடு சொன்னான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். எடுத்த எடுப்பிலேயே கதவைப் பற்றிச் சொல்லிவிடக் கூடாது. முதலில், உனக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, தெரியுமா என்று கேட்க வேண்டும். அவள் என்னடா என்னடா என்று துளைப்பாள். கடைசியில்தான், கதவை மூட வைத்ததே நீதான் என்று போட்டு உடைக்க வேண்டும்.

அக்காவைப் பார்க்க தினமும் வரும் நர்ஸம்மா வாசலில் நின்றிருந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளே அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அக்காவின் போர்வையை நேராக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் தம்பியின் வாயிலேயே இருந்தது.

போனை எடுத்துப் பார்த்தான். யாரும் அவனைக் கூப்பிட்டிருக்கவில்லை. அத்தான் கூப்பிடவில்லை, நர்ஸும் இல்லை. ஏன் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அத்தானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று முழுக்க, வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவதும் போன் பண்ணிச் சொல்வதுமாக இருந்தான். தேநீரை ஏன் அவ்வளவு ஆற்றினோம் என்பது மட்டும் நடுநடுவே வந்து நின்றது.

மறுநாள் காலை சித்தப்பா வந்தார். அக்காவின் காலடியில் சிறிது நேரம் நின்றுவிட்டு அவனிடம் திரும்பினார். "கடைசி நேரத்துல கூடப்பிறந்தவன் பக்கத்துல இல்லாம எங்கப்பா போயிருந்தே?"

ஒரு கதவைப் பற்றி விசாரிக்கப் போயிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? தம்பி தரையைப் பார்த்தான்.

"அவதான் அனுப்பினா" என்றார் அத்தான், மூலையிலிருந்து. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, சித்தப்பாவும் கேட்கவில்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரத்தில் வாசலில் இரண்டு பேர் தயங்கி நின்றார்கள். காவல்காரர் தலையைப் படிய வாரியிருந்தார். காஜாக்காரி கையில் ஒரு பழப்பை இருந்தது. படுத்திருப்பவளைப் பார்க்க வாங்கியது. அங்கே கூடியிருந்த உறவுக்காரர்களைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் தவித்து, சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். யாரிவர்கள் என்று உறவுக்காரர்கள் கண்ணாலேயே கேட்டுக்கொண்டார்கள்.

அவள் குனிந்து அக்காவின் முகத்தை, நெற்றியிலிருந்து தாடை வரை, நிதானமாகப் பார்த்தாள்.

"மேலேர்ந்து பாத்தா உச்சந்தலையும் கேமராவும்தான் தெரியும்" என்றாள். "முகத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அத்தான் எழுந்து வந்தார். "யாரு இவங்க?"

"அந்தக் கதவு வீட்டுக்காரங்க, அத்தான்."

அத்தான் அவர்களை உட்காரச் சொன்னார். தம்பி சொன்னான். ஒத்திகை பார்த்தபடி வரவில்லை. முன்னும் பின்னுமாகக் குழறி, பாதியைக் காவல்காரர் சொல்லி, மீதியைக் காஜாக்காரி சொல்லி, எப்படியோ முடிந்தது. அத்தான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழைத் தண்ணி உள்ள வராதா?" என்றார்.

"வரும். வாளி வைப்போம்."

"கதவுக்கு மேல ஒரு தகடு அடிச்சா நிக்கும்" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

தம்பியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே, அத்தான்."

"போட எடுத்தேன். அவ கையைப் பிடிச்சுட்டா. 'இப்பத்தான் மாடி ஏறிட்டிருப்பான். கூப்பிட்டா பாதியிலயே இறங்கிடுவான்'னா."

தம்பி அத்தானுக்கு அருகே நகர்ந்தான்.

"அப்புறம்?"

"'வந்தான்னா என்னன்னு கேட்டு வச்சுக்கோங்க'ன்னா, என்கிட்ட." அத்தான் காஜாக்காரியின் பக்கம் திரும்பினார். "நேத்துலேர்ந்து இவன்கிட்ட கேக்கணும்னுதான் இருக்கேன். வாய் வரல."

தம்பி கேமராவை நீட்டினான். அத்தான் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தார், நடைபாதையைப் பார்த்தார். "இங்கயா நிப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வண்டி வந்துவிட்டதாக வெளியே யாரோ சொன்னார்கள்.

எல்லாம் முடித்து வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. காஜாக்காரி போகாமல் இருந்து, வந்தவர்கள் குடித்த கோப்பைகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தாள். காவல்காரருக்கு வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. அவர்கள் விடைபெற்றபோது, "ஸ்டாப் வரைக்கும் நானும் வர்றேன்" என்று அத்தானும் கூடவே இறங்கினார். வேண்டாம் என்று தடுத்தவர்களைச் சித்தப்பா கையமர்த்தினார்.

தம்பி ஜன்னலருகே போய் நின்றான். கீழே மூன்று பேரும் தெருவோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. முனைக் கட்டடத்துக்கு முன்னால் அத்தான் சட்டென்று நின்றார். கையை உயர்த்தி மேலே எதையோ காட்டினார். மற்ற இருவரும் கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்தார்கள். காஜாக்காரி ஏதோ கேட்டாள். அத்தான் தலையை ஆட்டிவிட்டு இன்னும் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

தம்பி ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்தி எவ்வளவோ சாய்ந்து பார்த்தான். அது என்னவென்று இங்கிருந்து தெரியவில்லை. வாசலுக்கு வந்தான். கிடந்த செருப்புகளுக்கு நடுவில் தன்னுடையதைக் காலாலேயே தேடினான்.