மச்சான் கொடுத்த சக்கரங்கள்

...கல்லாகத்தான் இருக்கும், டயர்ப் பள்ளத்துக்குள் கூழாங்கல் ஏதாவது சிக்கியிருக்கும், வேறென்ன... ஆனால் கல் என்றால் டிக் டிக் என்றல்லவா கேட்கும், இது டொக் என்கிறது, அதுவும் பின்னால், இடது பக்கம், தன் இருக்கைக்கு நேர் பின்னால்... குனிஹிகோ மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினான். வேனை ஓட்டுவது அவன் மனைவி சானே. அவளுடைய அண்ணன் வீட்டு மதியச் சாப்பாட்டில் இவன் இரண்டு கிண்ணம் சாக்கே குடித்துவிட்டான், குடித்தவன் கையில் இந்தப் பக்கத்தில் யார் சாவியைக் கொடுப்பார்கள், அதனால் அவள் ஓட்ட, இவன் கையைக் கட்டிக்கொண்டு மகாராஜா மாதிரி மலைப்பாதையில் வருகிறான். மகாராஜா!

காலையில் எல்லாம் சரியாகத்தானே நடந்தது, மச்சான் இசாவோ புது வண்டி வாங்கியிருந்தார், பழைய காரின் பனிக்காலச் சக்கரங்கள் நாலும் கொட்டகையில் சும்மா கிடந்தன, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பதினேழு வருஷத்துக் கிழட்டு வேனுக்கு வேறு வண்டியின் சக்கரம், ஆனாலும் துளைக்குத் துளை அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அதோடு விட்டாரா அந்த மனுஷர்? ஒரு துணிப்பையை நீட்டினார். "மாப்ள, இந்த நட்டையும் சேத்து எடுத்துக்குங்க. இந்த ரிம்முக்கு உருண்ட வாய் நட்டுதான் உக்காரும். உங்க வேனோடது கூம்பு. பாக்க இறுகின மாதிரியே இருக்கும், அப்புறம் கழண்டுக்கும்." அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வாங்கியிருக்கலாம், கை என்ன தேய்ந்தா போயிருக்கும்? ஆனால் இவன் வாய் சும்மா இருக்குமா... "நாலு நட்டுக்கு வக்கில்லாத வீட்டுலயா மச்சான் உங்க தங்கச்சியக் குடுத்தீங்க?" என்றான், அவர் பெண்டாட்டி வாய்விட்டுச் சிரித்தாள், அவரும் சிரித்துக்கொண்டே பையைக் கொட்டகைக்குள் வைத்துவிட்டார். சானே சிரித்தாளா? ஞாபகமில்லை. வேனின் பழைய கூம்பு நட்டுகளையே போட்டு, இவன் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்து மிதித்து இறுக்கினான், வேர்த்து ஊற்றியது, பனிக்காற்றிலும் வேர்த்தது, அத்தனை இறுக்கியும் கழலுமா என்ன...

சுரங்கப்பாதை வந்தது. உள்ளே நுழைந்ததும் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது, டொக்... டொக்... இப்போது இருக்கைக்கு அடியிலும் ஏதோ நடுங்கியது. கல் இல்லை. கல்லே இல்லை. பின்னால் ஒரு லாரியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்க அடைத்துக்கொண்டு வருகிறது, இந்தச் சுரங்கம் முடிந்தால் இறக்கம், இறக்கத்தில் வளைவுக்கு மேல் வளைவு, இடது பக்கம் ஆறு... சொல்லிவிடலாமா? நிறுத்து என்று ஒரு வார்த்தை. நிறுத்தினால் இறங்க வேண்டும், இறங்கினால் பார்க்க வேண்டும், பார்த்தபின் மச்சானுக்குப் போன் போட்டு, அந்தப் பை இன்னும் கொட்டகையில்தானே இருக்கிறது என்று கேட்க வேண்டும். அவர் திட்ட மாட்டார், அதுதான் தாங்க முடியாதது, "பரவால்ல மாப்ள, இதோ வரேன்" என்பார். அடிவாரத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது, அதுவரை தாங்கிவிட்டால் போதும், சிறுநீர் கழிக்கப் போவதுபோல் இறங்கி, சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்...

ஓரக்கண்ணால் சானேயைப் பார்த்தான். நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். இவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும், எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று கண்டாளா... ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. சக்கரம் கழன்றால் வண்டியைத் திருப்பப் போவது அந்த விரல்கள்தான், இவன் விரல்கள் இல்லை. அது உறைத்ததும் இவனுக்குப் பயத்தைவிட வெட்கம் பெரிதாக வந்தது. பெட்ரோல் பங்க் என்ன பெட்ரோல் பங்க், தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள இவளை அந்த ஆற்றுக்கு மேலாகவா ஓட்டவிடுவது? சுரங்கம் முடிந்து வெளிச்சம் கண்ணில் குத்தியபோது, பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி மாட்டுவதற்காக விட்டிருந்த அகலமான ஓரம் தெரிந்தது. "நிறுத்து!" என்றான், குரல் வெடித்துத்தான் வந்தது, "நிறுத்துன்றேன்ல!"

அவள் உடனே ஒதுக்கினாள், லாரி உறுமிக்கொண்டு தாண்டிப் போயிற்று. இறங்கி ஓடிப்போய்ப் பின்சக்கரத்தின் முன் குந்தினான். நாலில் ஒரு நட்டைக் காணோம். மற்றொன்று விரலால் தொட்டதுமே சுற்றியது, பாட்டில் மூடிகூட இதைவிட இறுக்கமாக இருக்கும். இன்னும் ஒரு வளைவு, அல்லது இரண்டு... பிழைத்தோம், அப்பாடா, பிழைத்தோம். சானே கோட்டை இழுத்து மூடிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாத்தியா? நான் மட்டும் கேக்காம இருந்திருந்தா..."

"எனக்கும் கேட்டுச்சுங்க," என்றாள் மெதுவாக. "அணைக்கட்டுப் பாலத்துலேருந்தே."

அணைக்கட்டுப் பாலமா? அது மலை ஏறுவதற்கு முன்னாலேயே வருவதாயிற்றே, அங்கிருந்து ஏற்றம் முழுக்க, சுரங்கம் முழுக்க... "அப்புறம் ஏன்டி வாயத் தொறக்கல?"

"சொன்னா, எங்கண்ணன் சொன்னதுக்காகத்தான் சொல்றேன்னு கோவிச்சுப்பீங்க. மெதுவா ஓட்டிட்டுப் போனா வீட்டுக்குப் போயிடலாம்னு நெனச்சேன்."

கோவிப்பேனாம்... கோவித்துத் தலையையா சீவிவிடுவேன், கையை ஓங்கியிருக்கிறேனா ஒரு நாளாவது, ஏதோ நாலு வார்த்தை கத்துவேன், பிறகு சில நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டேன், எந்த வீட்டில் இல்லாதது? அதற்காக ஒருத்தி, கழலப் போகும் சக்கரத்தோடு மலையையே ஏறி இறங்குவாளா, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் நான், இதில் ஆறு பரவாயில்லை என்றா... அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், கத்தாமல், நல்லதாக ஒன்று. குனிஹிகோ முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வாயைத் திறந்தான். சானே அரையடி பின்னால் நகர்ந்தாள்.